எண்ணெய் சாரா வளர்ச்சி என்று வளைகுடாவில் எதைக் கணக்கில் எழுதுகிறார்கள்?

தம்மாம் கணக்கர்:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சவூதி அரேபியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எண்ணெய் சாராத் துறைகளின் பங்கு பாதியைத் தாண்டிவிட்டது என்ற செய்தியை இந்தக் குழுவில் பலர் பகிர்ந்திருந்தீர்கள். எண்ணெயை மட்டுமே நம்பியிருக்கும் நிலையை மாற்ற 2016 ஏப்ரலில் சவூதி அரசு ‘விஷன் 2030’ திட்டத்தை அறிவித்தபோது நான் தம்மாமில்தான் வேலை பார்த்தேன். அத்திட்டத்தின்மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் ‘பாதி’ என்ற கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ள என் தொழில் இடம் கொடுக்கவில்லை.

எண்ணெய் விற்ற பணத்தில் அரசு ஒரு நெடுஞ்சாலை போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரருக்குப் போகும் தொகை கட்டுமானத் துறையில் ஏறுகிறது. அவருடைய பொறியாளர் கொடுக்கும் வீட்டு வாடகை மனை வணிகத்தில் ஏறுகிறது. அதே பொறியாளர் வாங்கும் அரிசியும் கோழியும் சில்லறை வணிகத்தில் ஏறுகின்றன. மூன்றும் ஏட்டில் எண்ணெய் சாராதவைதாம். ஆனால் ஒரே கிணற்று நீர் மூன்று வாய்க்காலில் பாய்வதைப் பார்த்து மூன்று கிணறுகள் இருப்பதாகக் கணக்கு எழுத முடியுமா?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2014-ஆம் ஆண்டின் நடுவில் 115 டாலராக இருந்த ஒரு பீப்பாய் எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. அப்போது நான் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன், பெயர் வேண்டாம். மாதந்தோறும் 25-ஆம் தேதி சம்பளப் பட்டியலைத் தயாரித்துக் கையெழுத்துக்கு அனுப்புவது என் வேலை. அந்த ஆண்டில் ஏழு பட்டியல்கள் கையெழுத்தாகாமல் என் மேசைக்கே திரும்பி வந்தன. அரசுத் திட்டங்களுக்கு வரவேண்டிய பணம் நின்றுபோனதால் நிறுவனமும் நின்றுபோயிற்று. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பின் சமையற்கூடத்தில் மூன்று வேளைச் சாப்பாடு இரண்டானது. அதே காலத்தில்தான் ஜித்தாவில் வேலையிழந்து தவித்த நம் தொழிலாளர்களுக்கு இந்தியத் துணைத் தூதரகமே உணவுப் பொருள் கொடுக்க நேர்ந்தது. கட்டுமானம் எண்ணெய் சாராத் துறை என்றால், எண்ணெய் விலை சரிந்ததும் அது ஏன் முதலில் விழுந்தது?

ஆகவே என் கேள்வி இதுதான். எண்ணெய் விலை பாதியாகிவிட்ட ஆண்டிலும் சம்பளம் கொடுக்கத் தவறாத துறை எது? அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

ஜுபைல் பைப்பிங்:

கணக்கர் அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் ஒரு விடை தர முடியும் என்று நினைக்கிறேன். நான் 2004 முதல் சவூதியின் கிழக்குக் கரைத் தொழில் நகரமான ஜுபைலில் குழாய்ப் பரிசோதகனாக இருக்கிறேன்.

ஒரு காலத்தில் எண்ணெயோடு சேர்ந்து வரும் எரிவாயுவைப் பிடித்து வைக்க வழியின்றிக் கிணற்றடியிலேயே கொளுத்திவிட்டார்கள் என்று மூத்த சவூதி மேற்பார்வையாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1970களின் நடுவில் அந்த வாயுவைச் சேகரிக்கும் குழாய் வலையமைப்பைத் தொடங்கினார்கள். 1975-இல் ஜுபைலுக்கும் செங்கடல் கரையிலுள்ள யான்புவுக்கும் சேர்த்து அரச ஆணையம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே ‘சாபிக்’ என்ற பெட்ரோ வேதிப்பொருள் நிறுவனம் உருவானது. மீனவர் குடியிருப்பாக இருந்த இடத்தில் இன்று கடல்நீரைக் கால்வாய்களில் கொண்டுவந்து ஆலைகளைக் குளிர்விக்கிறார்கள். எரிந்து வீணான வாயுவிலிருந்து பிரிக்கும் ஈத்தேன்தான் இங்கே பாலிஎத்திலீன் ஆகிறது.

அந்தப் பாலிஎத்திலீன் குருணையைக் கையில் அள்ளினால் ஜவ்வரிசி போல வழுவழுப்பாக விரலிடுக்கில் நழுவும். 25 கிலோ மூட்டைகளாகக் கட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். சீனாவுக்கும் போகிறது, இந்தியாவுக்கும் வருகிறது. விடுமுறையில் ஊருக்குப் போனபோது பிளாஸ்டிக் குடம் வார்க்கும் ஒரு பட்டறையின் மூலையில் எங்கள் பக்கத்து ஆலையின் பெயர் அச்சிட்ட மூட்டையைப் பார்த்தேன். அந்தப் பட்டறைக்காரர் கொடுத்த பணம் சவூதி அரசின் பணம் அன்று. வெளியிலிருந்து வந்த பணம். 2016-இல் உங்கள் கேம்ப்பில் சாப்பாடு குறைந்தபோது, இங்கே ஆலைகளை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை ஒன்றுகூடத் தள்ளிப்போகவில்லை. என் சம்பளம் ஒரு நாளும் தாமதமானதில்லை. நிலைத்த துறைக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

தம்மாம் கணக்கர்:

தம்பி, உங்கள் சான்று வலுவானது. குறிப்பாகக் குடப் பட்டறை மூட்டையை என்னால் மறுக்க இயலாது. ஆனாலும் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015 இறுதிவரை அந்த ஆலைகளுக்கு ஈத்தேன் பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 0.75 டாலர் என்ற விலையில் கிடைத்தது. 2016 ஜனவரியில் அதை 1.75 டாலராக உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் அது உலகின் மிக மலிவான விலைகளுள் ஒன்றுதான். நிலத்தடி வளத்தைக் கச்சாவாக விற்காமல் குருணையாக விற்கிறோம் என்பது பெரிய முன்னேற்றம். அதே வளத்தின் அடுத்த படி என்பதையும் மறக்கக் கூடாது. சாபிக்கின் 70 விழுக்காட்டுப் பங்குகளை 2020-இல் சவூதியின் அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோவே வாங்கிக்கொண்டதை இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறேன்.

ஜெபல் அலி:

இருவரும் சவூதியைப் பற்றியே பேசுகிறீர்கள். எண்ணெய் சிறிதளவே கிடைத்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் விடை இன்னும் தெளிவாகும் என்பது என் எண்ணம். நான் கொழும்பிலிருந்து வந்து பதினாறு ஆண்டுகளாக துபாயின் ஜெபல் அலித் துறைமுகப் பகுதியில் கிடங்குப் பொறுப்பாளராக இருக்கிறேன்.

துபாயின் முதல் பெரிய முதலீடு எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மணல் மூடிவந்த கழிமுகத்தை துபாய் ஆட்சியாளர் ஷேக் ராஷித் 1959-இல் தூர்வாரத் தொடங்கினார். அதற்குக் குவைத்திடம் கடன் வாங்கினார். எண்ணெய் கண்டறியப்பட்டது 1966-இல். முதல் ஏற்றுமதி 1969-இல். கழிமுகம் ஆழமானபின், தூர்ந்துபோன ஷார்ஜாவின் கழிமுகத்திலிருந்து வணிகம் துபாய்க்கு நகர்ந்தது. பிறகு 1972-இல் ராஷித் துறைமுகம், 1979-இல் ஜெபல் அலி. பாலைவனத்தைத் தோண்டி இவ்வளவு பெரிய துறைமுகம் எதற்கு என்று அன்று கேட்டவர்கள் பலர். 1985-இல் அதையொட்டி ஃப்ரீ ஜோன் ஏற்படுத்தி, வெளிநாட்டவர் நூறு விழுக்காடும் தாமே உரிமையாளராக இருக்கலாம் என்றார்கள்; வெளியே உள்ளூர்க்காரர் ஒருவருக்கு 51 விழுக்காடு தரவேண்டிய காலம் அது. எமிரேட்ஸ் விமான நிறுவனமும் அதே ஆண்டில்தான், பாகிஸ்தானிடமிருந்து குத்தகைக்கு எடுத்த விமானங்களோடு பறக்கத் தொடங்கியது. துபாயின் எண்ணெய் உற்பத்தி 1991-இல் நாளொன்றுக்குச் சுமார் 4,10,000 பீப்பாய் என்ற உச்சத்தைத் தொட்டு, அதன்பின் இறங்கிவிட்டது. 2024-இல் ஜெபல் அலி கையாண்ட கொள்கலன்கள், இருபது அடி அளவில் கணக்கிட்டால், ஒன்றரைக் கோடிக்கும் மேல்.

எங்கள் கிடங்கில் தேயிலைப் பகுதி ஒன்று உண்டு. கொழும்பு ஏலத்தில் எடுத்த தேயிலையும் நீலகிரித் தேயிலையும் கென்யத் தேயிலையும் அருகருகே காகிதச் சாக்குகளில் இருக்கும். காலையில் கதவைத் திறந்தால் மூன்று நாட்டு வாசனையும் கலந்து முகத்தில் அடிக்கும். மூன்றையும் கலந்து பொதியிட்டு வேறு நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். இந்த மண்ணில் ஒரு தேயிலைச் செடிகூட முளைக்காது. ஆனாலும் கலவை செய்யும் கூலியும் கிடங்கு வாடகையும் கப்பல் கட்டணமும் இங்கே தங்குகின்றன. எண்ணெய் விலை என்னவாக இருந்தாலும் உலகம் தேநீர் குடிக்கிறது.

தம்மாம் கணக்கர்:

தேயிலைக் கிடங்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, நன்றி. ஆனால் 2009 நவம்பரில் துபாய் அரசின் முதலீட்டு நிறுவனமான துபாய் வேர்ல்ட் தன் கடன் தவணைகளை ஒத்திவைக்கக் கேட்டதையும், டிசம்பரில் அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துத் தாங்கியதையும் இதோடு எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? அந்தப் பணம் அபுதாபியின் எண்ணெய்ப் பணம் அல்லவா?

ஜெபல் அலி:

ஆம், அதை மறைக்க மாட்டேன். அடுத்த மாதமே புர்ஜ் துபாய் என்று கட்டிய கோபுரம் அபுதாபி ஆட்சியாளரின் பெயரைத் தாங்கி, புர்ஜ் கலீஃபா என்று திறக்கப்பட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஆனால் அன்று மூழ்கப்போனது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடன் வாங்கிக் கட்டிய மனைத் திட்டங்கள்தாம் மூழ்கின. துறைமுகத்தில் சரக்கு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. விற்பனையாகாத அடுக்ககங்களின் பக்கத்திலேயே நாங்கள் இரவு முறையிலும் கொள்கலன் இறக்கிக்கொண்டிருந்தோம். ஒரே ஊரில் இரண்டு வகை எண்ணெய் சாரா வளர்ச்சிகள் இருந்தன; ஒன்று தாங்கியது, மற்றொன்று தாங்கவில்லை.

குவைத் ஓய்வு:

பிள்ளைகளே, நான் 1979 முதல் 2012 வரை குவைத்தில் வங்கியொன்றில் பணிபுரிந்துவிட்டு இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். நீங்கள் யாரும் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன்.

வளத்தைத் தொழிலாக மாற்றுவது ஒரு வழி. வளத்தைச் சேமிப்பாக மாற்றுவது இன்னொரு வழி. குவைத் முழுச் சுதந்திரம் பெறுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1953-இல், லண்டனில் ஒரு முதலீட்டு வாரியத்தை அமைத்தது. இறையாண்மை நிதியம் என்று இன்று உலகம் சொல்லும் ஏற்பாட்டின் தொடக்கம் அதுதான். 1976-இல் வருங்காலத் தலைமுறை நிதி என்ற ஒன்றைச் சட்டத்தால் ஏற்படுத்தி, அரசு வருவாயில் ஆண்டுதோறும் பத்து விழுக்காட்டை அதில் போட்டார்கள். 1980களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்தபோது, வெளிநாட்டு முதலீடுகளிலிருந்து வந்த வருமானம் எண்ணெய் விற்பனை வருமானத்தையே விஞ்சிய காலமும் இருந்தது.

அதன் பயனை நான் நேரில் கண்டேன். 1990 ஆகஸ்டில் இராக் படை நுழைந்தபோது நாங்கள் பஸ்ராவைத் தாண்டி பாக்தாத், அம்மான் வழியாக ஊர் வந்து சேர்ந்தோம். கையில் இருந்தது ஒரு பையும் கடவுச்சீட்டும். நாடே பறிபோன அந்த ஏழு மாதமும் குவைத் அரசு வெளியிலிருந்து தன் மக்களுக்குப் பணம் அனுப்பியது. கிணறுகள் எரிந்துகொண்டிருந்தபோதும் புனரமைப்பு நடந்தது. இவையெல்லாம் அந்த நிதியிலிருந்து வந்தவை. எந்த ஆலையும் துறைமுகமும் அன்று அதைச் செய்திருக்க முடியாது.

குறையையும் சொல்ல வேண்டும். 1982-இல் சூக் அல்-மனாக் என்ற பங்குச் சந்தை சரிந்தது. பின்தேதியிட்ட காசோலைகளை வைத்தே பங்குகளை வாங்கி விற்றார்கள். அவற்றின் மொத்த மதிப்பு 9,000 கோடி டாலரைத் தாண்டியது. எங்கள் வங்கியில் அந்தக் காசோலைகள் கட்டுக்கட்டாக வந்து மேசைகளில் குவிந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அரசு எண்ணெய்ப் பணத்தைக் கொட்டித்தான் அதையும் ஈடுகட்டியது. சேமிப்பு பெரிதாக இருந்ததால் தொழிலை வளர்க்கும் நெருக்கடியே குவைத்துக்கு வரவில்லை என்பது என் வருத்தம். வேலை செய்யும் குவைத்தியரில் பெரும்பாலோர் அரசுச் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள். துபாய்க்கு 1959-இல் கடன் கொடுத்த ஊர், துறைமுகத்தில் துபாயைப் பின்தொடர்ந்து வரும் நிலைக்குப் போய்விட்டது.

நிலத்தடி நீர்:

நான் கோயம்புத்தூரில் நீரியல் ஆய்வு செய்கிறேன், வளைகுடாவில் வாழ்ந்ததில்லை. ஆயினும் என் துறை சார்ந்த ஒரு செய்தி இந்த விவாதத்தில் விடுபடக் கூடாது. எண்ணெயிலிருந்து விலகுகிறோம் என்று தொடங்கி, அதைவிட அரிய ஒன்றைச் செலவழித்த கதை அது.

1970களின் இறுதியில் சவூதி அரசு கோதுமையில் தன்னிறைவு காண முடிவு செய்து, டன்னுக்கு 3,500 ரியால் வரை கொடுத்து உழவர்களிடம் வாங்கியது. அன்றைய உலகச் சந்தை விலையைப்போல் அது பல மடங்கு. அல்-கசீம் பகுதியிலும் வடக்கேயும் சுழலும் பாசனக் கருவிகள் பாலைவனத்தில் பச்சை வட்டங்களை வரைந்தன. செயற்கைக்கோள் படத்தில் தட்டுத்தட்டாக இன்றும் அவற்றின் தழும்புகளைக் காணலாம். 1992-இல் விளைச்சல் 40 லட்சம் டன்னைத் தாண்டியது. நாட்டின் தேவையைப்போல் இரு மடங்கு விளைந்ததால் ஏற்றுமதியும் செய்தார்கள். ஏட்டில் இது வேளாண்மை, எண்ணெய் சாராத் துறை.

அந்தக் கோதுமைக்குப் பாய்ந்தது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையின் நீர். ‘சாக்’ போன்ற நீர்த்தாங்கிகளில், அதாவது நீர் தேங்கிய நிலத்தடிப் பாறை அடுக்குகளில், இன்றைய மழை அதை ஈடுசெய்வதில்லை. எண்ணெயாவது விற்கும்போது பணம் தருகிறது. இந்த நீரை எடுக்க எண்ணெய்ப் பணமும் செலவானது, நீரும் போயிற்று. 2008-இல் கொள்முதலை ஆண்டுக்கு 12.5 விழுக்காடு குறைக்க முடிவெடுத்து, 2016-இல் நிறுத்தினார்கள். பின்னர் வரம்போடு சிறிதளவு அனுமதித்தார்கள். பால்பண்ணை நிறுவனமான அல்மராய், கால்நடைத் தீவனம் வளர்க்க 2014-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்க வேண்டியிருந்தது. கணக்கர் ஐயாவின் அளவுகோலோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டுகிறேன்: ஒரு துறை எண்ணெய்க்குப் பதிலாக எதைத் தின்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

ஜுபைல் பைப்பிங்:

சகோதரி சொன்னதைப் படித்த பிறகு எனக்கு இன்னொரு கவலை தோன்றியது. நீரைப் போலவே திறமையையும் இங்கே சேர்த்துவைக்க முடிவதில்லை. என்னோடு 2004-இல் வந்த வெல்டர்களில் சிலர், ஒரு மூட்டு வெல்டைக் கண்ணால் பார்த்தே எக்ஸ்ரேயில் தேறுமா என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் திறமை வர ஒவ்வொருவருக்கும் பத்து ஆண்டு பிடித்தது. 2017 ஜூலையில் வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்பத்தினருக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் 100 ரியால் கட்டணம் வந்து, 2020-க்குள் அது 400 ஆனபோது, அவர்களில் பலர் முதலில் குடும்பத்தை அனுப்பினார்கள். பிறகு தாமும் எக்ஸிட் அடித்து நிரந்தரமாக ஊருக்குப் போய்விட்டார்கள். இக்காமா என்ற வசிப்பு அனுமதியோடு வந்த திறமை அந்த இக்காமாவோடு போயிற்று.

மறுபக்கம், 2019 முதல் என் பரிசோதனைக் குழுவில் ஒரு சவூதிப் பெண் பொறியாளர் இருக்கிறார். முதல் கோடையில் 46 பாகை வெயிலில் சாரத்தில் ஏறி, குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் வளையத்தின் முகத்தைக் கையுறையால் துடைத்து, நான் கவனிக்காத ஒரு கீறலைக் காட்டினார். சவூதிப் பெண்களில் வேலைச் சந்தைக்கு வருவோரின் பங்கு, விஷன் 2030 திட்டம் தொடங்கிய காலத்தில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகி, மூன்றில் ஒருவருக்கு மேல் என்றாகிவிட்டது. இந்தத் திறமை எந்த விசாவோடும் போகாது. என்னைக் கேட்டால், அத்திட்டத்தில் பெரிதாக அறிவித்த ‘நியோம்’ என்ற புது நகரத்தைவிட இந்த ஒரு மாற்றம் பெரியது.

மஸ்கட் வரி:

ஓமானைப் பற்றி ஒருவரும் எழுதாததால் எழுதுகிறேன். 1995-இல் ஓமான் வகுத்த ‘விஷன் 2020’ திட்டம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கச்சா எண்ணெயின் பங்கு 2020-க்குள் 9 விழுக்காடாகக் குறையும் என்று எதிர்பார்த்தது, அது நடக்கவில்லை. ஆனால் சலாலாவில் 1998-இல் கொள்கலன் துறைமுகம் வந்தது. பிறகு சோஹாரில் துறைமுகமும் உருக்கு, அலுமினிய ஆலைகளும் வந்தன. துக்மில் நாளொன்றுக்கு 2,30,000 பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலையை 2024-இல் முறைப்படி திறந்தார்கள். இவற்றுள் ஒன்றைக் கவனியுங்கள். 2011 பிப்ரவரியில் வேலை கேட்டு இளைஞர்கள் தெருவுக்கு வந்தது, புது ஆலைகள் நிறைந்த அதே சோஹாரில்தான். ஆலை பெரிதாக இருக்கலாம், அது எடுக்கும் ஆட்கள் சிலரே. அரசு 50,000 வேலைகளை அறிவித்து அமைதிப்படுத்தியது. அவற்றிற்கான சம்பளமும் எண்ணெயிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

எனக்கு உண்மையான மாற்றமாகத் தெரிவது வரிதான். 2021 ஏப்ரலில் 5 விழுக்காடு வாட் வரி வந்தபோது, மத்ராவில் ஒரு துணிக்கடை முதலாளிக்கு முதல் காலாண்டுக் கணக்கை நான்தான் தாக்கல் செய்தேன். ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகளைக் கொட்டி, இரண்டு இரவு உட்கார்ந்து பிரித்தோம். முப்பது ஆண்டு கடை நடத்தியவருக்கு அன்றுதான் தன் கடையின் இலாபம் எவ்வளவு என்று தெரிந்தது. இப்போது ஓராண்டுக்கு 42,000 ஓமானி ரியாலுக்கு மேல் ஈட்டுவோர் 2028 முதல் 5 விழுக்காடு வருமான வரி கட்ட வேண்டும் என்று 2025-இல் சட்டம் வந்திருக்கிறது. வளைகுடா ஒத்துழைப்பு நாடுகளில் தனிநபர் வருமான வரிக்கு இதுவே முதல் சட்டம். மக்களில் நூற்றுக்கு ஒருவரைத்தான் தொடும். ஆனாலும் அரசின் வருவாய், கடைக்காரரின் இலாபத்தோடும் ஊழியரின் சம்பளத்தோடும் கட்டப்பட்டால்தான், அவர்களுடைய தொழில் வளர்வதில் அரசுக்கும் அக்கறை பிறக்கும்.

தம்மாம் கணக்கர்:

எல்லோரும் இவ்வளவு பொறுப்போடு எழுதியதற்கு நன்றி. நேற்று இரவு என் பழைய மடிக்கணினியைத் திறந்து, 2016-இல் அந்த நிறுவனத்துக்கு வரவேண்டியிருந்த தொகைகளின் பட்டியலைப் பார்த்தேன். பல்கலைக்கழகக் கட்டடம், நெடுஞ்சாலை, மாவட்ட மருத்துவமனை ஆகிய மூன்றின் பணமும் அடுத்த ஆண்டுவரை நிலுவையில் கிடந்தது. காலத்தில் பணம் கொடுத்த வாடிக்கையாளர்கள் மூவர்: ஜுபைலில் ஒரு பாலிமர் ஆலை, தம்மாம் துறைமுகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கு, அல்-அஹ்சாவில் ஒரு பேரீச்சம்பழப் பொதி நிலையம். ஆகவே, ஜுபைல் தம்பி, நீங்கள் சொன்னதை என் ஏடே ஒப்புக்கொள்கிறது; ஆலைகளை வெறும் ‘எண்ணெயின் அடுத்த படி’ என்று நான் ஒதுக்கியது சரியில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். மலிவான ஈத்தேனை மட்டும் நம்பாமல் நடக்கும் ஆலை ஜுபைலில் உண்டா? அது பிழைத்திருக்கிறதா?

ஜுபைல் பைப்பிங்:

உண்டு, அண்ணா. அராம்கோவும் டவ் நிறுவனமும் சேர்ந்து சுமார் 2,000 கோடி டாலரில் கட்டிய ‘சதாரா’. ஈத்தேனோடு, கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாப்தா என்ற திரவத்தையும் உடைக்கும் வகையில் அமைத்து, மெத்தைக்கும் வாகன இருக்கைக்கும் வேண்டிய மூலப்பொருள்கள்வரை செய்கிறார்கள்; இங்கே மற்ற ஆலைகள் செய்யாத பொருள்கள் அதில் பல. ஆனால் கடன் சுமை தாங்காமல் 2021-இல் தவணைகளைத் திருத்தி அமைத்துக்கொண்டார்கள். ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த ஷட்டவுனுக்கு எங்கள் குழுவை அங்கே அனுப்பப்போவதாகச் சொல்கிறார்கள். போய் வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.